ஹேட்ச் இருக்கிறது, எல்லைக் கோடு இல்லை: ஓர் ஏரி டிராயிங்கின் நிகழ்வு ஆய்வு

வெள்ளிக்கிழமை மதியம் காட்பாடியில் எங்கள் டிராயிங் ஆபீஸுக்கு ஒரு பொறியாளர் வந்தார். குடியாத்தம் போகும் சாலைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஓர் ஏரி, அதன் ஆயக்கட்டு, சுற்றியுள்ள புஞ்சை, நத்தம், புறம்போக்கு எல்லாம் சேர்ந்த ஒரே ஆட்டோகேட் டிராயிங்கை (கணினியில் வரையும் மென்பொருளில் போட்ட வரைபடத்தை) பென் டிரைவில் கொண்டுவந்திருந்தார். ஒவ்வொரு உட்பிரிவுக்கும் பரப்பு போட்டு, நில வகைவாரியாகக் கூட்டிய பட்டியல் அவருக்குத் திங்கட்கிழமை காலை வேண்டும். "கலர் எல்லாம் போட்டுத்தான் இருக்கு சார், ஏரியா மட்டும் எடுத்துக் கொடுத்தாப் போதும்" என்றார். திறந்து பார்த்தேன், அழகாகத்தான் இருந்தது. நஞ்சைக்குப் பச்சை, ஏரிக்கு நீலம், புஞ்சைக்குச் சாய்கோடு. ஆனால் ஒரு நிலத்தின் ஓரத்தில் கிளிக் செய்தால் தேர்வானது ஹேட்ச், அதாவது உள்ளே நிரப்பிய நிறமோ சாய்கோடோ, மட்டும்தான். எல்லைக் கோடு பெரும்பாலான நிலங்களுக்கு இல்லவே இல்லை.

இதற்கு முன் அந்த டிராயிங்கில் வேலை செய்தவர் பிரிண்ட் சுத்தமாக வரவேண்டும் என்பதற்காக, ஹேட்ச் போட்டு முடித்ததும் கோடுகளை அழித்திருக்கிறார். இது நிறையப் பேருக்கு இருக்கும் பழக்கம், அவரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கோடு இருக்கும் லேயரில் (டிராயிங்கின் அடுக்கில்) பிரிண்ட் ஆகாதபடி குறியை மாற்றிவிட்டாலே போதும், அழிக்க வேண்டியதே இல்லை என்பதை யாரும் அவருக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். டிராயிங்கின் மூலைப் பெட்டியில் இன்னும் 'வட ஆற்காடு மாவட்டம்' என்றுதான் இருந்தது. அந்த மாவட்டம் 1989-ல் பிரிந்து, அப்புறம் 2019-ல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மறுபடியும் பிரிந்துவிட்டது. ஒரு பழைய வரைபடத்தைப் பார்த்து வரைந்திருக்கிறார்கள், பெட்டியையும் அப்படியே எடுத்து ஒட்டியிருக்கிறார்கள் என்பது அதிலிருந்து தெரிந்தது. இந்த விஷயம் பின்னால் எனக்கு உதவியது.

சும்மா பரப்புதானே, ஹேட்ச்சைத் தேர்வு செய்தால் ப்ராப்பர்ட்டீஸ் பலகையிலேயே பரப்பு தெரியுமே, எல்லைக் கோடு எதற்கு என்று கேட்கலாம். தெரியும், உண்மைதான். ஆனால் எந்தப் பரப்பு எந்தச் சர்வே எண்ணுக்கு என்று சேர்க்க வேண்டும், இரண்டு நிலம் ஒன்றன் மேல் ஒன்று ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், நாளைக்கு ஒரு நிலத்தை வெட்டித் திருத்த வேண்டும். இதற்கெல்லாம் கையில் பிடிக்க ஒரு மூடிய பாலிலைன், அதாவது பல துண்டுகள் சேர்ந்த ஒரே தொடர்கோடு, இல்லாமல் முடியாது.

முதலில் எங்கள் ஆபீஸ் தம்பி மவுஸைப் பிடித்து ஒவ்வொரு ஹேட்ச்சின் மூலையாகச் சொடுக்கிப் பாலிலைன் வரைய ஆரம்பித்தான். ஒரு மணி நேரத்தில் இருபது நிலம்கூட முடியவில்லை. அதைவிடக் கவலை, அவன் சொடுக்கும் புள்ளி ஹேட்ச்சின் உண்மையான மூலைதானா என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. அடுத்து அவனே ஒரு யோசனை சொன்னான்: "அண்ணா, பக்கத்து நிலத்துக் கோடு சில இடத்துல இருக்கு. பவுண்டரி கமாண்ட் போட்டு உள்ள கிளிக் பண்ணிப் பார்க்கலாமா?" செய்து பார்த்தோம். பவுண்டரி கமாண்டுக்கு நான்கு பக்கமும் மூடிய கோடு வேண்டும், பாதிக் கோடு இல்லாத இடத்தில் அது எல்லை கிடைக்கவில்லை என்று திரும்பிவிட்டது. இடைவெளியைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லும் 'ஹெச்பிகேப்டால்' என்ற அமைப்பு ஒன்று இருக்கிறது, அதில் 2 கொடுத்தோம். டிராயிங் மீட்டரில் இருந்ததால் 2 மீட்டர் வரை உள்ள இடைவெளியை அது மூடிக்கொள்ளும். மூடியது. ஆனால் வண்டிப்பாதையின் வாயையும் சேர்த்து மூடியது. நில அளவை டிராயிங்கில் அந்த எண்ணைக் கண்மூடித்தனமாக ஏற்றுவது ஆபத்து. 2 மீட்டர் என்பது கிராமத்தில் ஒருவருடைய வழி. உடனே பூஜ்யத்துக்குத் திருப்பி வைத்தேன்.

ஹேட்ச்சுக்குள் என்ன இருக்கிறது

எல்லைக் கோடு அழிந்தாலும் ஹேட்ச் தன் வடிவத்தை மறப்பதில்லை. அந்த இரண்டு நாளில் எங்களுக்கு வழி விட்டது இந்த ஒரு உண்மைதான். ஹேட்ச் என்பது கோடுகளை நம்பி நிற்கும் வெறும் நிறம் இல்லை. அதை உருவாக்கிய நேரத்தில் இருந்த எல்லையின் நகல் அதன் தரவுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும். டிஎக்ஸ்எஃப் குறியீடுகளாக (டிராயிங்கின் ஒவ்வொரு தகவலுக்கும் ஓர் எண் கொடுத்து எழுதும் முறை) பார்த்தால் 91-ல் மொத்தம் எத்தனை வளையம், 92-ல் ஒவ்வொரு வளையத்தின் வகை, பாலிலைன் வகை வளையமாக இருந்தால் 10-ல் மூலைப் புள்ளிகள், 42-ல் வளைவு. வளைவு எண் என்பது வில்லின் கோணத்தில் கால் பங்கின் டேன்ஜெண்ட், அரைவட்டத்துக்கு 1, கடிகாரச் சுற்றில் போனால் எதிர்மறை. ஏரிக்கரை வளைந்து வளைந்து போவதால் இந்த 42 எங்களுக்கு முக்கியமாக இருந்தது. 71-ல் 1 இருந்தால் அந்த ஹேட்ச் இன்னும் தன் கோடுகளோடு இணைந்திருக்கிறது, 0 என்றால் தனித்து நிற்கிறது.

இதைத் தெரிந்துகொண்டதும் நான் செய்த முதல் வேலை தப்பாகப் போனது. ஹேட்ச்சின் தரவிலிருந்து 10 என்று தொடங்கும் புள்ளிகளை எல்லாம் வரிசையாகச் சேகரித்து, அவற்றை இணைத்துப் பாலிலைன் போடும் சிறிய லிஸ்ப் (ஆட்டோகேட்டுக்குள் ஓடும் நிரல்) ஒன்று எழுதி ஓடவிட்டேன். திரையிலிருந்து எல்லாம் மறைந்துவிட்டது. ஜூம் எக்ஸ்டெண்ட்ஸ் கொடுத்துப் பார்த்தால் நூற்றுக்கணக்கான கோடுகள் ஒரே திசையில், தென்மேற்காக நீண்டு ஒரு புள்ளியில் போய்ச் சேர்ந்திருந்தன. காரணம் இதுதான்: ஹேட்ச் தரவில் வரும் முதல் 10 எல்லைப் புள்ளியே இல்லை, ஹேட்ச்சின் உயரத்தைச் சொல்வது, அதன் எக்ஸும் ஒய்யும் எப்போதும் பூஜ்யம். கடைசியில் வரும் 10-களும் எல்லை இல்லை, ஹேட்ச் போடும்போது உள்ளே சொடுக்கிய விதைப் புள்ளிகள். எங்கள் டிராயிங் யுடிஎம் (பூமியை மண்டலங்களாகப் பிரித்து இடத்தை மீட்டரில் சொல்லும் முறை) 44 வடக்கு மண்டலத்தின் ஆயத்தொலைவில் இருந்தது. வேலூருக்கு அதில் கிழக்கு கிட்டத்தட்ட 3 லட்சம் மீட்டர், வடக்கு 14 லட்சம் மீட்டருக்கு மேல். வடக்கு பூஜ்யம் என்றால் பூமத்திய ரேகை. ஆக ஒவ்வொரு நிலத்தின் எல்லையும் பூமத்திய ரேகைவரை போய்த் திரும்பியிருந்தது. நீங்களும் நேரடியாகத் தரவைப் படிக்க முயன்றால் முதல் 10-ஐயும், 98-க்குப் பின்னால் வரும் 10-களையும் தள்ளிவிடுங்கள். அதோடு எல்லை பாலிலைன் வகையாக இல்லாமல் தனித்தனிக் கோடு, வில், ஸ்ப்லைன் என்று விளிம்புகளாக எழுதப்பட்டிருந்தால் படிக்கும் முறையே வேறு என்பதையும் நினைவில் வையுங்கள்.

அதனால் தரவைப் படிக்கும் வேலையை ஆட்டோகேட்டிடமே விட்டுவிட முடிவு செய்தேன். அதற்கு இரண்டு வழி உண்டு. 'ஹேட்ச் ஜெனரேட் பவுண்டரி' என்ற கமாண்ட், தேர்வு செய்த ஹேட்ச் அனைத்தையும் சுற்றி ஒரே தடவையில் பாலிலைன் போட்டுவிடும். உங்களுக்கு வெளிக்கோடு மட்டும் திரும்ப வேண்டும் என்றால் இதுவே போதும், லிஸ்ப் தேவையில்லை, இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். எனக்கு அது போதவில்லை. எந்தக் கோடு எந்த ஹேட்ச்சிலிருந்து வந்தது, அந்த ஹேட்ச்சின் சொந்தப் பரப்பு எவ்வளவு, எந்த லேயர் என்பது சேர்ந்தே வேண்டும். ஆகவே இரண்டாவது வழி. 'ஹேட்ச்எடிட்' கமாண்டுக்கு முன்னால் ஒரு சிறு கோடு போட்டு அடித்தால் அது பெட்டி திறக்காமல் கட்டளை வரியிலேயே கேள்வி கேட்கும். அதில் எல்லையை மறுபடி உருவாக்கு என்பதற்கு 'பி', பாலிலைனாக வேண்டும் என்பதற்கு 'பி', புது எல்லையோடு ஹேட்ச்சை இணைக்கட்டுமா என்றால் 'ஒய்'. ஆங்கில எழுத்தில் முதல் 'பி' பவுண்டரியுடையது, இரண்டாவது பாலிலைனுடையது, இரண்டும் வேறு எழுத்து. இந்த மூன்று பதிலையும் லிஸ்ப் ஒவ்வொரு ஹேட்ச்சுக்கும் தானாகக் கொடுக்கும்.

ஓடவிட்ட விதம்

டிராயிங்கின் ஒரு நகலில்தான் வேலை. முதல் காரியமாகப் பூட்டியிருந்த லேயர்களைத் திறந்தேன், பூட்டிய லேயரில் இருக்கும் ஹேட்ச்சை மாற்ற முடியாது. அடுத்து எல்லாவற்றையும் ஒரு முழு எண் தூரம் நகர்த்தி ஆதிப்புள்ளிக்குப் பக்கத்தில் கொண்டுவந்தேன், கிழக்கில் 2,90,000, வடக்கில் 14,20,000 கழித்து. ஆதிப்புள்ளியிலிருந்து மிகத் தொலைவில் இருக்கும் ஹேட்ச் சில சமயம் கோணலாகத் தெரியும், சில சமயம் எல்லையே பிடிபடாது. பெரிய எண்களில் தசமத் துல்லியம் கரைந்துபோவதால் வரும் தொல்லை அது. நகர்த்திய தூரத்தை டிராயிங்கிலேயே ஓர் எழுத்தாகப் போட்டு வைத்தோம், வேலை முடிந்ததும் அதே தூரம் திருப்பி நகர்த்த.

ஹேட்ச் அனைத்தையும் தேர்வு செய்தபோது 438 என்று வந்தது. நிலம் அத்தனை இருக்க வாய்ப்பில்லையே என்று பார்த்தால், டிராயிங் முழுவதையும் தேடும் தேர்வு பிரிண்ட் லேஅவுட்டில் இருக்கும் ஹேட்ச்சையும் பிடித்துவிடுகிறது. அங்கே வண்ணக் குறிப்புப் பெட்டியில் 7 சின்னக் கட்டம். நிலங்களை வரைந்திருக்கும் மாடல் பக்கத்திலும் அதே பெட்டியின் நகல், அதில் 7. இந்தப் பதினான்கையும் விட்டிருந்தால் பட்டியலில் அவையும் நிலமாக ஏறியிருக்கும். மாடல் பக்கம் மட்டும் என்று வடிகட்டி, குறிப்புப் பெட்டியைச் சன்னல் போட்டு விலக்கினேன். மீதி 424. அதில் 31-க்கு எல்லைக் கோடு இன்னும் உயிரோடு இணைந்தே இருந்தது, அவற்றைத் தொடவில்லை. 393.

இதில் 5 ஹேட்ச் ஒவ்வொன்றும் பல நிலங்களை ஒன்றாகக் கட்டி வைத்திருந்தது. ஒரே மூச்சில் பத்து நஞ்சைத் துண்டில் சொடுக்கிவிட்டு எண்டர் அடித்தால் அத்தனையும் ஒரே ஹேட்ச் ஆகிவிடும், பரப்பும் மொத்தமாக ஒன்றுதான் கிடைக்கும். அதே ஹேட்ச்எடிட்டில் பிரிப்பதற்கு ஒரு தேர்வு இருக்கிறது. எல்லை போடுவதற்கு முன்பே அதைக் கொடுத்துப் பிரித்துவிட வேண்டும். ஐந்து ஹேட்ச் 46 ஆனது. ஆக மொத்தம் 434.

லிஸ்ப் செய்தது இவ்வளவுதான். ஒவ்வொரு ஹேட்ச்சையும் எடுக்கும்போது அதன் லேயர், பரப்பு இரண்டையும் குறித்துக்கொள்ளும். டிராயிங்கில் இப்போது கடைசியாக இருக்கும் பொருள் எது என்று நினைவில் வைக்கும். கமாண்டை ஓட்டும். அதற்குப் பின்னால் புதிதாகச் சேர்ந்த பொருள்கள் எவையோ அவைதான் இந்த ஹேட்ச்சின் எல்லை, அவற்றை 'எல்லை-நஞ்சை', 'எல்லை-புஞ்சை' என்று பெயரிட்ட லேயரில் போட்டு, ஹேட்ச்சின் அடையாள எண்ணையும் அதில் ஒட்டி வைக்கும். புதுக் கோடு எந்த லேயரில் விழுகிறது என்பதை கமாண்டின் விருப்பத்துக்கு விடாமல் நாமே மாற்றிவிடுவது நல்லது. முழு ஓட்டத்தையும் ஒரே அண்டூவுக்குள் கட்டி வைத்தேன், ஏதாவது கெட்டுப்போனால் ஒரே அடியில் பின்னால் போகலாம்.

இரண்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிட்டது. தம்பி எழுந்து நின்று திரையைப் பார்த்தான். அவன் ஒரு மணி நேரம் கை வலிக்கச் சொடுக்கிய வேலை அது. 434-க்கும் கோடு வந்திருந்தது, மொத்தம் 447 பாலிலைன். கூடுதல் 13 உள்வளையங்கள்: நிலத்துக்கு நடுவே கிணறுகள் 12, ஏரிக்கு நடுவே ஒரு திட்டு. பரப்பு மட்டும் 428-க்குத்தான் கிடைத்தது. மீதி 6 ஹேட்ச்சின் எல்லை தன்னைத் தானே வெட்டிக்கொண்டிருந்தது, வரைந்தவர் ஒரு மூலையைத் தாண்டிச் சொடுக்கிவிட்டுத் திரும்ப வந்திருப்பார் போல. அப்படி எட்டு போட்ட மாதிரி முறுக்கிய ஹேட்ச்சுக்கு ஆட்டோகேட் பரப்பு சொல்லாது, லிஸ்ப்பில் பரப்பு கேட்டால் பிழையோடு நின்றுவிடும். அதனால் பிழை வந்தால் பிடித்து, குறித்துக்கொண்டு, அடுத்ததற்குப் போகும்படி முன்பே எழுதியிருந்தேன். இல்லையென்றால் நாற்பதாவது ஹேட்ச்சில் முறிந்து நின்றிருக்கும். அந்த ஆறையும் கையால் நேர்செய்தோம். தவிர, யாரோ எக்ஸ்ப்ளோட் செய்து வெறும் சாய்கோட்டுக் குவியலாக மாற்றியிருந்த 9 நிலம் இருந்தது. ஹேட்ச்சை உடைத்துவிட்டால் அதன் ஞாபகமும் போய்விடும். அந்த ஒன்பதையும் சாய்கோடுகளின் முனைகளைத் தொட்டுத் தொட்டுக் கையால்தான் வரைந்தோம்.

சர்வே எண்ணைச் சேர்த்தது

நிலத்துக்குள் எழுதியிருக்கும் எண் எந்தப் பாலிலைனுக்குள் இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். பாலிலைனின் மூலைகளைக் கொடுத்து அதற்குள் இருக்கும் எழுத்தைத் தேர்வு செய்யும் வழி ஒன்று இருக்கிறது, எழுதவும் சுலபம். ஆனால் அந்தத் தேர்வு திரையில் அப்போது தெரியும் பகுதியில் மட்டுமே வேலை செய்யும். ஜூம் செய்து ஓர் ஓரத்தில் நின்றபடி ஓட்டினால் பாதி நிலத்துக்கு எண்ணே கிடைக்காது, பிழையும் காட்டாது. எனக்கு இந்த மாதிரி சத்தம் போடாத தப்புதான் பெரிய பயம். ஆகவே அதை விட்டுவிட்டு, ஒரு புள்ளியிலிருந்து ஒரு பக்கமாகக் கற்பனைக் கோடு விட்டு அது எல்லையை எத்தனை முறை வெட்டுகிறது, ஒற்றைப்படை என்றால் உள்ளே, இரட்டைப்படை என்றால் வெளியே என்று எண்ணும் பழைய கணக்கையே எழுதினேன்.

எந்தப் புள்ளி என்பதிலும் ஒரு சிக்கல். எழுத்தின் செருகுபுள்ளி அதன் இடது கீழ் மூலை. ஒல்லியான நிலத்தில் '112/3அ2' என்று எழுதினால் அந்த மூலை பக்கத்து நிலத்தில் விழுகிறது. எழுத்தைச் சுற்றியுள்ள செவ்வகத்தின் நடுப்புள்ளியை எடுத்த பிறகுதான் சரியாக வந்தது. கடைசியில் மூன்று பட்டியல் கிடைத்தது: ஒரே எண் உள்ள நிலம், எண்ணே இல்லாத நிலம், இரண்டு எண் உள்ள நிலம். மூன்றாவதில் ஒரே ஒரு நிலம்தான் இருந்தது. அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

2 ஹெக்டேர் 44 ஏர்

சனிக்கிழமை இரவு மொத்தத்தைக் கூட்டி, கிராமத்தின் அ-பதிவேட்டு (சர்வே எண்வாரியாக நில வகையும் பரப்பும் எழுதிய வருவாய்த்துறைப் பதிவேடு) நகலில் எங்கள் பட்டியலில் இருந்த எண்களுக்கு உள்ள பரப்பின் கூட்டலோடு ஒப்பிட்டேன். பதிவேடு ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும். ஓர் ஏர் என்றால் 100 சதுர மீட்டர், நம் ஊர்க் கணக்கில் கிட்டத்தட்ட இரண்டரை சென்ட். எங்கள் கூட்டல் 2 ஹெக்டேர் 44 ஏர் அதிகமாக வந்தது. ஆறு ஏக்கர். வேலூர் பக்கத்தில் ஒரு சென்ட்டுக்காக அண்ணன் தம்பி பேசாமல் இருக்கும் வீடு எனக்குத் தெரியும். ஆறு ஏக்கரை அளவைப் பிழை என்று எழுதிக் கொடுக்க முடியாது.

முதல் காரணம் அரை மணி நேரத்தில் தெரிந்தது. ஒவ்வொரு ஹேட்ச்சின் சொந்தப் பரப்பையும் அதன் பாலிலைனின் பரப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், பெரும்பாலானவற்றில் வித்தியாசம் 0.01 சதுர மீட்டருக்கும் குறைவு. 13 ஹேட்ச்சில் மட்டும் ஒத்துப்போகவில்லை. உள்வளையம் உள்ளவை. எல்லையை மறுபடி உருவாக்கும்போது வெளிவளையம் ஒரு பாலிலைன், உள்வளையம் இன்னொரு பாலிலைன் என்று தனித்தனியாக வருகிறது. நான் கழிக்க வேண்டியதைக் கூட்டியிருக்கிறேன். கூட்டினால் தப்பு இரட்டிப்பாகும்: 38 ஏர் திட்டு 76 ஏர் பிழையாகவும், ஒவ்வொன்றும் 40 சதுர மீட்டர் உள்ள 12 கிணறுகள் ஏறக்குறைய 10 ஏர் பிழையாகவும் நின்றன. ஒரு பாலிலைன் இன்னொன்றுக்குள் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் கழி என்று திருத்தினேன். 86 ஏர் குறைந்தது.

இரண்டாவது காரணத்தை இந்த ஒப்பீடு காட்டாது, ஏனென்றால் அங்கே ஹேட்ச்சும் பாலிலைனும் நன்றாகவே பொருந்தின. நான்கு நிலத்தில் ஒரே ஹேட்ச் இரண்டு முறை ஒன்றன் மேல் ஒன்றாக இருந்தது. காப்பி செய்து நகர்த்த மறந்திருப்பார்கள், திரையில் ஒன்றாகத்தான் தெரியும். ஒரே சர்வே எண் இரண்டு பாலிலைனில் வருகிறதா என்று பார்த்தபோது நான்கும் வெளிவந்தன. அது 1 ஹெக்டேர் 32 ஏர்.

இன்னும் 26 ஏர் மீதம். ஞாயிறு காலை அதோடுதான் எழுந்தேன். ஹேட்ச் சரி, பாலிலைன் சரி, இரட்டிப்பு இல்லை. அப்போதுதான் இரண்டு எண் விழுந்த அந்த ஒரே நிலம் ஞாபகம் வந்தது. அதில் ஓர் எண் அந்த நஞ்சையுடையது. இன்னோர் எண்ணைப் பதிவேட்டில் தேடினால்: வாய்க்கால் புறம்போக்கு, 0 ஹெக்டேர் 26 ஏர். எங்கள் பட்டியலில் அந்த எண்ணுக்கென்று நிலமே இல்லை. டிராயிங்கில் அப்படி ஒரு வாய்க்காலே இல்லை.

ஆபீஸில் உட்கார்ந்து முடிவு செய்கிற விஷயமாக அது எனக்குப் படவில்லை. பொறியாளரைக் கூப்பிட்டு, தம்பியைப் பின்னால் உட்காரவைத்து வண்டியில் கிளம்பினோம். வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேர்ந்தோம். ஏரியின் தெற்கு முனையிலிருந்து நஞ்சை ஓரமாகவே நடந்தால் இரண்டு பக்கமும் கரை உயர்ந்த ஒரு பள்ளம், முழுக்கச் சீமைக் கருவேல முள். மாடு ஓட்டிக்கொண்டு வந்த பெரியவர் நின்று பார்த்தார். ஐயா, இது என்ன என்று கேட்டதற்கு, "காவா தம்பி. மலைத்தண்ணி ஏரிக்கு வர்ற காவா. மூணு வருசமா தூர் எடுக்கல, அதான் இப்படிக் கிடக்குது" என்றார். வரத்துக்கால். காலால் அளந்தால் அகலம் நான்கு மீட்டர் சொச்சம், நீளம் அறுநூறு மீட்டருக்கு மேல். கணக்கு ஒத்துப்போனது.

திரும்பி வந்து அந்தச் சர்வே எண்ணின் எஃப்எம்பி ஸ்கெட்ச்சை (நில அளவைப் புத்தகத்தின் வரைபடத்தை) எடுத்துப் பார்த்ததும் நடந்தது புரிந்தது. பழைய வரைபடத்தில் வாய்க்காலுக்கு இரண்டு கரை, நான்கு மீட்டர் இடைவெளியில் இரண்டு இணைகோடு. டிராயிங்கை முதலில் சுத்தம் செய்தவர் மேற்குக் கரைக் கோட்டை, தெரியாமல் இரண்டு முறை வரைந்த கோடு என்று நினைத்து எடுத்துவிட்டிருக்கிறார். கோடு போனதும் மேற்கே இருந்த 9 நிலமும் கிழக்குக் கரைவரை நீண்டுவிட்டன, அப்படியே ஹேட்ச் போட்டார்கள், அப்புறம் எல்லாக் கோட்டையும் அழித்தார்கள். ஹேட்ச் அந்தத் தப்பை அப்படியே நினைவில் வைத்துக்கொண்டது, என் லிஸ்ப் அதை 0.01 சதுர மீட்டர் துல்லியத்தில் மீட்டுக் கொடுத்தது. நான் ஹேட்ச்சையும் பாலிலைனையும் மட்டும் ஒப்பிட்டுவிட்டு நிறுத்தியிருந்தால் எல்லாம் பச்சைக் குறியோடு முடிந்திருக்கும். ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் ஒரு வாய்க்கால் காகிதத்தில் ஒன்பது பட்டாவுக்குள் பங்கு போயிருக்கும். பாலாறே வருஷத்தில் பெரும்பாலான நாள் மணலாகக் கிடக்கும் மாவட்டம் இது. இங்கே கிணற்றில் தண்ணீர் நிற்பது ஏரியை நம்பி, ஏரி நிறைவது இந்த மாதிரிக் கால்களை நம்பி. பள்ளம் முள்ளாகக் கிடக்கிறது என்றாலும் பெயரில் இருந்தால் ஒரு நாள் தூர் எடுக்கலாம். வரைபடத்திலேயே இல்லை என்றால் யார் எதைக் காட்டிக் கேட்பது?

திருத்தம் பெரிய வேலை இல்லை. எஃப்எம்பியில் ஜி-லைன் என்ற அளவைக் கோட்டிலிருந்து கொடுத்திருந்த ஆஃப்செட் (பக்கவாட்டுத் தூர) அளவுகளை வைத்து மேற்குக் கரையை வரைந்து, இரண்டு கரையையும் இணைத்து வாய்க்காலை ஒரு ரீஜனாக்கினோம், அதாவது கூட்டவும் கழிக்கவும் முடிகிற ஒரு மூடிய பரப்பாக. 9 நிலத்தின் பாலிலைனையும் ரீஜனாக்கி அதிலிருந்து வாய்க்காலைக் கழித்தோம். வாய்க்காலின் நகல் ஒன்றை முதலிலேயே தனியாக எடுத்து வைக்க வேண்டும், கழித்தலில் கழிக்கப்படும் ரீஜன் காணாமல் போய்விடும். பிறகு ரீஜன்களை உடைத்து, வந்த கோடுகளைப் பீஎடிட் கமாண்டில் சேர்த்து மறுபடி பாலிலைன். ஹேட்ச்சை இந்த முறை உள்ளே சொடுக்கிப் போடாமல், பாலிலைனையே தேர்வு செய்து இணைந்த ஹேட்ச்சாகப் போட்டோம். கோடு நகர்ந்தால் நிறமும் நகரும். மொத்தம் பதிவேட்டிலிருந்து அரை ஏருக்குள் வந்து நின்றது.

ஞாயிறு இரவு பதினொரு மணிக்குப் பட்டியலையும் டிராயிங்கையும் அனுப்பினோம். வாய்க்காலின் வரியைப் பட்டியலின் முதல் பக்கத்திலேயே, சர்வே எண்ணோடும் எஃப்எம்பி நகலோடும் தனியாகக் காட்டியிருந்தேன். எல்லைக் கோடுகள் எல்லாம் பிரிண்ட் ஆகாத லேயரில் அப்படியே இருக்கின்றன. "அந்தக் கோட்ட எல்லாம் அழிக்கக் கூடாதுன்னு மெயில்ல எழுதுங்க அண்ணா" என்றான் தம்பி. எழுதினேன்.